மட்டாஞ்சேரியிலிருந்து டொராண்டோவுக்கு ஓர் அந்தி விளக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தது மலையாளத்தில். தமிழைக் கோயில் நோட்டீஸும் பழைய வாரப் பத்திரிகையும் பார்த்து எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டவன். கார்ப்பரேஷனில் தண்ணீர்க் குழாய் வால்வு திறந்து மூடுகிற வேலை பார்த்து ரிட்டையர் ஆனவனுக்கு எழுத்து எதற்கு என்றுதான் இருந்தேன். அதோடு, சாமி காரியத்தை எழுதினால் பெருமைக்கு எழுதினதாக ஆகிவிடுமோ என்று பயமும் உண்டு.

போன மாதம் வீடியோ காலில் பேத்தி கேட்ட ஒரு கேள்விதான் இந்தப் பேனாவை எடுக்க வைத்தது.

"தாத்தா, பாட்டி சூரியனைப் பிடிச்சு நிறுத்தினாளாமே?"

"யாரும்மா சொன்னது?"

"ஏலூர் மாமாத் தாத்தா."

அடுக்களையிலிருந்து என் மனைவி சிரித்தாள். "எங்க அண்ணன் வாய்க்கு ஒரு வால்வு வைக்க உங்களால முடியலையே," என்றாள்.

அவள் அண்ணன், அதாவது என் மச்சான், ஏலூரில் உரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் சொன்னதுதான் எங்கள் தெருவில் பரவி, அம்மன் கோயில் மண்டபத்தில் வளர்ந்து, இப்போது கடல் தாண்டிப் பேத்தி காது வரைக்கும் போயிருக்கிறது. ஒருத்தர் விமானம் திரும்பி நின்றது என்கிறார். இன்னொருத்தர் விமானப் பணிப்பெண் உருவத்தில் அம்மனே வந்தாள் என்கிறார். நடந்தது இதுதான், சொல்கிறேன்.

எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி டொராண்டோவில் இருக்கிறாள். இரண்டு தடவை கரு தங்கிக் கலைந்துபோனது. மூன்றாவது தடவை ஆறு மாதம் கடந்ததும் என் மனைவி தெரு முனை அம்மன் முன்னால் போய் நின்றாள். ஒரு மண்டலம் தினமும் அந்தி விளக்கு வைக்கிறேன், விளக்கு வைத்த பிறகுதான் சோறு, அதுவரை பாலும் பழமும் தண்ணீரும்தான், என் பிள்ளை பத்திரமாகப் பெற்றெடுக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டாள். நாங்கள் இங்கே அதை நேர்ச்சை என்போம். கை மாறக்கூடாது, ஒரு நாளும் முடங்கக்கூடாது. முடங்கினால் நேர்ச்சை போச்சு.

விளக்கு வைப்பதில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் தமிழர்தான், ஆனாலும் பல தலைமுறையாகக் கொச்சியில் மட்டாஞ்சேரி. அக்கம்பக்கத்து மலையாளி வீடுகளில் செய்வது போல, விளக்கை ஏற்றி வாசலுக்குக் கொண்டுவரும்போது "தீபம், தீபம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவாள். அந்தக் குரல் கேட்டால் உட்கார்ந்திருக்கிறவர் எழுந்து நிற்க வேண்டும். டி.வி. வாயை மூட வேண்டும். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவுக்கு முன்னால் ஓடிவந்து அவள்தான் அந்தக் குரலைக் கொடுப்பாள்.

நேர்ச்சை தொடங்கியது மழைக்காலத்தில். ஜூனில் இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் கொச்சியில் சூரியன் எப்போது உதிக்கிறது, எப்போது சாய்கிறது என்று யாருக்குத் தெரியும்? மத்தியானமே இருட்டிக் கிடக்கும். அதனால் என் மனைவி கடிகாரம் பார்த்துத்தான் விளக்கு வைத்தாள். ஆறரை. என் கைக்கடிகாரத்தை நீட்டச் சொல்வாள், பார்ப்பாள், தீக்குச்சியை உரசுவாள். நாளாக ஆக, அந்தி என்றால் ஆறரை, ஆறரை என்றால் அந்தி என்று எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் பதிந்துவிட்டது. பிற்பாடு வந்த குழப்பத்துக்கெல்லாம் காரணம் அதுதான்.

மண்டலம் முடிந்த பிறகு புறப்படலாம் என்றுதான் டிக்கெட் போட்டிருந்தோம். அதற்குள் மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது, குழந்தையை முன்கூட்டியே எடுக்க வேண்டி வரலாம் என்று அங்கத்து டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் டிக்கெட்டை மாற்றிவிட்டு ஃபோன் செய்தார். பயணம் நேர்ச்சைக்கு நடுவே வந்து விழுந்தது.

என் மனைவி ஒரு நாள் முழுக்க முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். போகாமல் இருந்தால் மகள் தனியாகக் கிடப்பாள். போனால் விளக்கு முடங்கும். மகளுக்காகத்தான் விளக்கு, மகளுக்காகத்தான் பயணம். எதை விடுவது?

அப்போதுதான் மச்சான் வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என் ஃபோனில் டிக்கெட்டைப் படித்தார்.

"இதுக்கா இந்த அழுகை? இங்க பாரு. காலைல நாலரைக்கு நெடும்பாசேரி ஏர்போர்ட்ல ஏறறீங்க. நடுவுல கல்ஃப்ல ஒரு எடத்துல மாறி ஏறணும். அன்னிக்கே மத்தியானம் மூணுக்கு டொராண்டோல எறங்கறீங்க. மொத்தம் பத்தரை மணி நேரம். அந்திக்கு முன்னாடி மக வீட்ல சாயா குடிக்கலாம்."

"நெஜமாவா அண்ணா? அவ்வளவு தூரத்துக்கு அவ்வளவுதானா?"

"பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல வரும். ஆனா பிளேனு என்ன நம்ம ஊர் பஸ்ஸா, இடப்பள்ளி ஜங்ஷன்ல நின்னு நின்னு போறதுக்கு?"

நானும் தலையாட்டினேன். ஊருக்கே தண்ணீர் வரும் நேரம் சொன்னவன் நான். நாலரையையும் மூன்றையும் கழிக்கத் தெரியாதா? இரண்டு ஊருக்கும் கடிகாரம் வேறு என்பது எனக்குத் தெரியாதது இல்லை. மகள் "குட் மார்னிங்" சொல்லும்போது இங்கே நாங்கள் விளக்கு வைத்துக்கொண்டிருப்போம். ஆனால் டிக்கெட்டைப் பார்த்தபோது அது மூளைக்கு வரவில்லை. வராமல் இருந்ததும் அம்மன் செயல்தான் என்று இன்று நினைக்கிறேன். வந்திருந்தால் அவள் வீட்டை விட்டு நகர்ந்திருக்கமாட்டாள்.

புறப்படும் முந்தின நாள் விளக்கு வைத்து, சோறு உண்டு, கொட்டுகிற மழையில் கிளம்பினோம். எண்ணெயும் திரியும் பெரிய பெட்டியில். சின்னப் பித்தளை விளக்கை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டாள். விமான நிலையத்தில் சோதனைக்காரர் பையைத் திறந்து விளக்கை வெளியே எடுத்தார்.

"இது எந்தாம்மே?"

"பார்த்தா தெரியலையா? வெளக்கு."

அவர் பையின் அடியில் கைவிட்டு ஒரு தீப்பெட்டியையும் எடுத்தார். அது இருப்பது எனக்கே தெரியாது. "வெளக்கு போகும். இது போகாது. பிளேனில தீ வைக்கான் பாடில்ல," என்று சிரித்தபடி எடுத்துப் போட்டார்.

"பிளேன்ல யாரு வைக்கப்போறா? அந்திக்கு நான் எம் மக வீட்ல இருப்பேன்," என்று இவள் அவருக்குச் சொல்லிவிட்டு நடந்தாள். அவ்வளவு நம்பிக்கை.

தோஹாவில் மாறி ஏறினோம். இரண்டாவது விமானத்தில் ஜன்னலோரம் ஓர் ஆலுவாக்காரப் பெண் இருந்தாள். டொராண்டோவில் நர்ஸ், கோயம்புத்தூரில் படித்ததால் தமிழ் கொஞ்சம் வரும். நடுவில் என் மனைவி, ஓரத்தில் நான். சாப்பாடு வந்தது. இவள் தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

"அம்மே, ஒண்ணும் கழிச்சில்லல்லோ? சுகர் உண்டோ?" என்று, சாப்பிடாததைப் பார்த்துக் கேட்டாள் அந்தப் பெண்.

"சுகரும் இல்ல, உப்பும் இல்ல. நேர்ச்சை. அந்திக்கு வெளக்கு வெச்சுட்டுத்தான்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதை நான் மாற்றவில்லை, மட்டாஞ்சேரி நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் பன்னிரண்டு கூட ஆகவில்லை. இன்னும் நேரம் கிடக்கிறது என்று கண்ணை மூடினேன்.

விழித்தபோது விமானம் முழுக்க இருட்டு. எல்லா ஜன்னலையும் மூடி, விளக்கை அணைத்து, எல்லோரும் போர்வைக்குள் தூங்குகிறார்கள். என் மனைவி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பித்தளை விளக்கு.

"ஏங்க, மணி பாருங்க."

ஆறேகால்.

எனக்கு முன்னால் இருந்த திரையில் விமானம் போகிற படம் ஓடிக்கொண்டிருந்தது. சேருவதற்கு இன்னும் ஆறு மணி நேரம் என்று போட்டிருந்தது. இரண்டு தடவை படித்தேன். மச்சானின் பத்தரை மணி நேரம் எந்தக் கடலில் விழுந்ததோ தெரியவில்லை.

"இருட்டிருச்சு," என்றாள் அவள். "அண்ணன் சொன்ன கணக்கு தப்பு. நீங்களும் தலையாட்டினீங்க. இப்ப நான் எங்க போய் வெளக்கு வைப்பேன்?"

அவள் சத்தம் போட்டு அழுகிறவள் இல்லை. விளக்கின் குழியில் விரலை வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள், எண்ணெய் இல்லாத குழி. "ரெண்டு போச்சுங்க. இதுவும் போனா அவ தாங்கமாட்டா," என்றாள்.

நான் அந்த இருட்டில் அம்மன் பெயரைச் சொன்னேன். வேறென்ன செய்ய? எனக்குத் தெரிந்த ஒரே காரியம் அதுதான்.

பக்கத்தில் இருந்த நர்ஸ் பெண் தூங்கவில்லை போலிருக்கிறது. "அம்மே, எந்தா பற்றியது, என்ன ஆச்சு?" என்று மெல்லக் கேட்டாள். இவள் சொன்னாள். நேர்ச்சை, மகள், ஆறரை, இருட்டு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஜன்னல் மூடியை நாலு விரல் அளவுக்கு மேலே தள்ளினாள்.

கண் கூசியது. வெளியே நல்ல வெயில். கீழே கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. முதலில் மேகம் என்று நினைத்தேன், பனிக்கட்டி என்று அந்தப் பெண் சொன்னாள். சூரியன் உச்சியில் நிற்பது போல அப்படியொரு வெளிச்சம். முன் சீட்டில் ஒருத்தர் முனகிக்கொண்டு போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டார்.

"இருட்டு பிளேனுக்குள்ளதான் அம்மே. ஆளுங்க தூங்கறதுக்கு மூடி வைக்கிறாங்க. புறத்து பகல்."

"மணி ஆறரை ஆகப்போகுதே?"

"அது மட்டாஞ்சேரில. நாம சூரியன் போற திசையிலேயே போறோம். அதான் சாயவே மாட்டேங்குது. நாம எறங்கும்போதும் பகல்தான். இப்ப அங்க கோடை. ஒன்பது மணிக்குத்தான் அந்தி."

"ஒன்பதா? ராத்திரி ஒன்பதா?"

"அதை அங்க ராத்திரின்னு யாரும் சொல்லமாட்டாங்க அம்மே."

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "இவ சொல்றது சரிதானா?"

"சூரியனை நீயே பார்த்தியே," என்றேன்.

"பார்த்தேன். ஆனா நம்ம அம்மன் கோயில்ல இப்ப வெளக்கு வெப்பாங்க. எந்த அந்தி என்னோட அந்தி? அங்கத்ததா, இங்கத்ததா?"

இதைக் கேட்டால் எந்தச் சாஸ்திரிகளும் ஒரு நிமிஷம் யோசிப்பார். நான் அதெல்லாம் படிக்காதவன். "நீ அம்மன் முன்னால நின்னு என்ன சொன்ன? அன்னிக்குச் சொன்ன மாதிரியே சொல்லு," என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, கைகூப்பி, உதடு அசைய அசையச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"சூரியன் சாயற நேரத்துக்கு வெளக்கு வைக்கிறேன் தாயேன்னுதான் சொன்னேன். மணி சொல்லல."

"அப்புறம் என்ன?"

"மணி சொல்லவே இல்லைங்க நான். மழைன்னுதானே கடிகாரம் பார்த்தோம்."

நான் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். அவள் நர்ஸ் பெண்ணிடம் அந்த நாலு விரல் இடைவெளியை மூடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். விமானப் பணிப்பெண் வந்து மூடச் சொன்னபோது, நர்ஸ் பெண் இங்கிலீஷில் என்னவோ சொல்லி அனுப்பிவிட்டாள். "என்ன சொன்ன?" என்று கேட்டேன். "அம்மா சூரியனை நோக்கிக்கொண்டிருக்கிறாள், அது போயிடக்கூடாதுன்னு சொன்னேன்," என்று சிரித்தாள். பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழம் எடுத்து உரித்துக் கொடுத்தாள். பழம் நேர்ச்சைக்கு ஆகும். மீதி வழி முழுக்க என் மனைவி அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள். தூங்கச் சொன்னேன், கேட்கவில்லை.

வெயிலோடுதான் இறங்கினோம். வரிசையில் நின்று, பெட்டி எடுத்து வெளியே வர நேரமாகிவிட்டது. மகள் வீட்டில் கதவு திறந்ததும், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். கால் வீங்கியிருந்தது. முகத்தில் ரத்தம் இல்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மேசையில் சோறும் சாம்பாரும் தயாராக இருந்தன. மருமகன் சமைத்தது.

"ஒக்காரும்மா, சாப்பிடு."

"வெளக்கு வெச்சுட்டு."

"அம்மா, நீ சோறு தின்னு ஒன்றரை நாள் ஆச்சு! இங்க அந்திக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு."

"இருக்கட்டும். ஒன்றரை நாள் இருந்தவளுக்கு மூணு மணி நேரம் பெரிசா?"

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்காக நீ பட்டினி கெடந்து மயங்கி விழுந்தா, நான் உன்னைப் பார்ப்பேனா, இதைப் பார்ப்பேனா?" என்று வயிற்றில் கை வைத்துக் கத்தினாள். கத்திவிட்டு அழுதாள். "தெனமும் ராத்திரி அசையுதா அசையுதான்னு கை வெச்சுட்டே கெடக்கேம்மா. யார்கிட்டயும் சொல்லல."

என் மனைவி அவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். "அதுக்குத்தான்டி வெளக்கு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் பால்கனியில் நாற்காலி போட்டுச் சூரியனைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். ஏழு மணிக்கும் வெயில். எட்டு மணிக்கும் வெயில். "இந்த ஊர் சூரியனுக்கு வீடு வாசல் கெடையாதா?" என்று என் மனைவி கேட்க, மகள் அழுகை மறந்து சிரித்தாள். அம்மா மடியில் தலை வைத்தாள். அப்போது வயிற்றில் பிள்ளை புரண்டிருக்க வேண்டும். அம்மாவின் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

ஒன்பது மணி வாக்கில் சூரியன் எதிரே இருந்த கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கியது. பெட்டியிலிருந்து எண்ணெயும் திரியும் வந்தன. தீப்பெட்டிக்குப் பதில் மருமகன் மெழுகுவர்த்தி பற்றவைக்கிற லைட்டரைக் கொடுத்தார். கூரையில் புகை பட்டால் கத்துகிற மணி ஒன்று உண்டாம், அது கத்தினால் தீயணைப்பு வண்டி வந்துவிடுமாம். அதனால் அவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று அதற்கு நேராகத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

விளக்கு எரிந்தது. என் மனைவி அதை எடுத்துக்கொண்டு திரும்பினாள். குரல் கொடுக்க வாயைத் திறந்தாள், ஒன்றரை நாள் களைப்பில் குரல் வரவில்லை. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அம்மாவுக்கு முன்னால் நடந்தாள்.

"தீபம்... தீபம்..."

சின்னப் பிள்ளையில் கொடுத்த அதே குரல். நான் எழுந்து நின்றேன். மருமகன் ஸ்டூல் மேல் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். என் மனைவி விளக்கைப் பால்கனி வாசலில் வைத்தாள்.

சட்டைப் பையில் இருந்த கடிகாரம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எடுத்துப் பார்த்தேன். முள் ஆறரையைக் காட்டியது. உடம்பு சிலிர்த்துவிட்டது. அதே நேரத்தில் ஃபோன் அடித்தது, ஏலூரிலிருந்து மச்சான்.

"என்ன, சேர்ந்தாச்சா? வெளக்கு வெச்சாச்சா?"

"இப்பத்தான், இந்த நிமிஷம்."

"இப்பவா? இங்க விடிஞ்சு காலை ஆறரை ஆச்சே!" வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு, "ஆறரைக்கு வெச்சாச்சுல்ல? அந்திக்கு முன்னாடி மக வீட்டுக்குப் போயாச்சுல்ல? அப்ப என் கணக்கு சரிதான்," என்றார்.

என் மனைவி அன்று மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

பிறகு ஒரு நாளும் முடங்கவில்லை. ஒன்பது மணி அந்தியாகவே மண்டலம் முடிந்தது. அந்த வாரத்திலேயே பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலமாக வீடு வந்தார்கள். அந்தக் குழந்தைதான் இப்போது என்னைக் கேள்வி கேட்கிறது.

அவளுக்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் எழுதிவிடுகிறேன். பாட்டி சூரியனை நிறுத்தவில்லை. விமானம் சூரியன் போகிற திசையில் போனதால் அன்றைக்குப் பகல் நீண்டது. தினமும் அந்த வழியில் போகிற எல்லோருக்கும் அப்படித்தான். ஜன்னலைத் திறந்து வெயிலைக் காட்டினவள் ஆலுவாக்கார நர்ஸ், வேறு யாரும் இல்லை. கடிகாரத்தில் ஆறரை என்று பார்த்தது உண்மை, ஆனால் அது மட்டாஞ்சேரியில் காலை ஆறரை. இதையெல்லாம் சொன்ன பிறகும் என் மனைவியும் நானும் அம்மன்தான் கூட வந்தாள் என்று நம்புகிறோம். சூரியனை ஓடவிட்டவளும் அவள்தான், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் அதை வைத்திருந்தவளும் அவள்தான். அதற்கு விமானம் திரும்பி நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

வயிற்றுப் பிள்ளைக்காகப் பயந்து கிடக்கிற பெண் எங்காவது இருந்தால் அவளுக்கு இதைச் சொல்லுங்கள். நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். ஒன்றும் கூட்ட வேண்டாம், அம்மனைக் கழிக்கவும் வேண்டாம். காலை ஆறரையை மாலை ஆறரை ஆக்கிவிட வேண்டாம். ஏலூரில் யாராவது வேறு மாதிரி சொன்னால், அவரும் எங்கள் வீட்டு ஆள்தான், சிரித்துக்கொண்டே திருத்திவிடுங்கள்.